பழந்துணிக்குப் பட்டாபிஷேகம்!

எந்த வீட்டு அலமாரியிலும் அடித்தட்டில் ஒரு மூட்டை இருக்கும். இடுப்பில் ஏறாத ஜீன்ஸ், காலர் தேய்ந்த சட்டை, மடிப்பு மடிப்பாக இற்றுப்போன பட்டுப்புடவை, கழுத்து தொங்கிப்போன டீ-ஷர்ட். போட்டுக்கொள்ளவும் முடியாது, தூக்கிப்போடவும் மனசு வராது. முன்பெல்லாம் தெருவில் ‘பழைய துணிக்குப் பாத்திரம்’ என்று கூவிக்கொண்டு வருவார்கள். அரை மணி நேரம் பேரம் பேசி, நாலு பேன்ட்டையும் இரண்டு புடவையையும் கொடுத்து, ஓர் எவர்சில்வர் தூக்கு வாங்கிவிடுவார்கள் அம்மாக்கள். அந்தக் குரல் இப்போது அபூர்வம். ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் கேட்பது பழைய பட்டுப்புடவையை மட்டும்தான், அதுவும் ஜரிகைக்காக. மிச்சமெல்லாம் ஒருநாள் குப்பை வண்டியில் ஏறிவிடுகிறது.

உலகம் முழுக்க இப்படி ஆண்டுக்கு 9.2 கோடி டன் துணி கழிவாகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்குச் சொல்கிறது. உடை தைக்கப் போகும் மூலப்பொருளில் மறுபடி உடையாகத் திரும்பி வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே ஒரு ஜீன்ஸ் உருவாக, பருத்தி வயலில் தொடங்கிக் கடைக்கு வரும்வரை சுமார் 7,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அவ்வளவு தண்ணீர் குடித்த துணியை, ஜிப் போய்விட்டது என்பதற்காகக் குப்பையில் சேர்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த மூட்டையில் இருக்கும் துணிக்குச் சரியான இடம் தலைதான் என்பது என் கட்சி. பையாகத் தைக்கலாம், கால்மிதி போடலாம், கரித்துணி ஆக்கலாம் என்று பலரும் யோசனை சொல்வார்கள். செய்யட்டும். ஆனால், அவை எல்லாம் துணியை ஒருபடி கீழே இறக்கும் வேலைகள். தொப்பியோ தலைக்கட்டோ தைத்தால், அதே துணி முன்பு இருந்த இடத்தைவிட உயரத்தில் போய் உட்காருகிறது. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம். எதிரே வருகிறவர் கண் முதலில் விழுவதும் அங்கேதான்.

தொப்பிக்குத் துணி அதிகம் வேண்டாம் என்பது முதல் சௌகரியம். சட்டை நைந்துபோகிற இடங்கள் காலர், கைமடிப்பு, அக்குள். முதுகுப் பக்கம் கடைசிவரை கெட்டியாக இருக்கும். பேன்ட் தேய்வது தொடையிடுக்கிலும் அடிமடிப்பிலும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் துணி இன்னும் பல வருஷம் உழைக்கும். சட்டையின் முதுகை வைத்து இன்னொரு சட்டை தைக்க முடியாது, துணி போதாது. தொப்பிக்குத் தாராளமாகப் போதும். பெரியவர்களின் தலைச்சுற்றளவு அநேகமாக 54 முதல் 60 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. அதையும் ஒரே துண்டாக வெட்ட வேண்டியதில்லை; துண்டு துண்டாகச் சேர்ப்பதுதான் தொப்பித் தையலின் இயல்பு.

இரண்டாவது விஷயம், பழசின் மென்மை. பிறந்த குழந்தைக்கு நம் வீடுகளில் புதுத்துணி உடுத்துவதில்லை. தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவோம், அம்மாவின் பழைய புடவையில்தான் தூளி கட்டுவோம். பலமுறை வெளுத்த பருத்தியில் கஞ்சி போயிருக்கும், சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், வடிய வேண்டிய சாயம் வடிந்திருக்கும். வியர்வையில் சாயம் இறங்கி நெற்றியில் கோடு போடுகிற தொல்லை இல்லை. நம் வெயிலுக்குக் கடையில் விற்கும் பாலியஸ்டர் தொப்பியைவிட, பத்து வருஷம் போட்டுத் துவைத்த காட்டன் சட்டையில் தைத்த தொப்பி எவ்வளவோ மேல்.

தலைக்கும் பழந்துணிக்கும் இங்கே உறவு புதிதும் இல்லை. தண்ணீர்க்குடமோ விறகுக்கட்டோ சுமக்கிற பெண்கள் பழைய புடவைத் துண்டை முறுக்கிச் சும்மாடு வைத்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் கணவரின் அல்லது மகனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துண்டு. வெயிலுக்கு எது உதவும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போர்க்காலம் தைத்த ஃபேஷன்

பழந்துணியில் தலைக்கு அணிவது நாகரிகம் ஆனதற்கு, நமக்குத் தெரிந்த காலத்திலேயே பெரிய உதாரணம் இரண்டாம் உலகப் போர். பிரிட்டனில் 1941 ஜூன் 1-ம் தேதி துணிக்கு ரேஷன் வந்தது. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுனுக்கே 11 கூப்பன் போய்விடும். தொப்பிக்குக் கூப்பன் கிடையாது. ஆனால் விலை ஏறிவிட்டது, சரக்கும் கிடைப்பதில்லை. ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த லட்சக்கணக்கான பெண்கள், இயந்திரத்தில் தலைமுடி சிக்காமல் இருக்க, கையில் கிடைத்த துணியைத் தலையில் முண்டாசாகக் கட்டினார்கள். பாதுகாப்புக்காகக் கட்டியது மெல்ல மெல்லக் கடைத்தெருவுக்கும் சினிமா கொட்டகைக்கும் வந்து சேர்ந்தது. 1943-ல் அரசாங்கமே ‘இருப்பதை வைத்துச் சமாளியுங்கள், கிழிந்ததைத் தைத்துக்கொள்ளுங்கள்’ என்ற பொருளில் ஒரு கையேடு போட்டு, பழைய உடையைப் புதிதாக மாற்றும் வழிகளைச் சொல்லிக்கொடுத்தது. துணி ரேஷன் 1949 மார்ச் வரை நீடித்தது. ஒரு தலைமுறைப் பெண்களே கத்திரியும் கையுமாக வளர்ந்தார்கள்.

ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பாரிஸில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். சோப்புக்குத் தட்டுப்பாடு, மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு, சிகை அலங்காரக் கடைக்குப் போக வழியில்லை. வாராத தலையை மறைக்கப் பழைய உடைகளின் துணியில் தலைக்கட்டு. செய்தித்தாளிலும் மரச்சீவலிலும்கூடத் தொப்பி செய்தார்கள். தோற்ற நகரம் என்று யாரும் தங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிடக் கூடாது என்ற வீம்பு அந்தத் தொப்பிகளில் இருந்தது. 1944 ஆகஸ்டில் நகரம் விடுதலையானபோது உள்ளே வந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் அந்தப் பெரிய பெரிய தொப்பிகளைப் பார்த்து அசந்து போனார்கள்.

ஆர்ச்சி காமிக்ஸ் படித்தவர்களுக்கு ஜக்ஹெட் தலையில் இருக்கும் விசித்திரமான கிரீடத் தொப்பி ஞாபகம் இருக்கும். அதுவும் பழந்துணிச் சரக்குதான்! 1930, 40-களில் அமெரிக்கச் சிறுவர்களும் மெக்கானிக்குகளும் அப்பாவின் தேய்ந்துபோன ஃபெல்ட் தொப்பியை எடுத்து, விளிம்பை ரம்பப் பல்போல வெட்டி, மேலே மடித்துப் போட்டுக்கொண்டார்கள். 1941-ல் அந்தக் கதாபாத்திரத்தைப் படைத்தவர்கள் தெருவில் பார்த்ததை வரைந்தார்கள். காசில்லாத பையன்களின் கத்தரிப்பு, உலகம் முழுக்க அடையாளம் தெரிகிற தொப்பியாகிவிட்டது.

நம் ஊர்த் துணி ஒன்றுக்கும் இதில் பங்குண்டு. கரீபியக் கடல் தீவுகளான மார்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிகா ஆகியவற்றில் பெண்களின் பாரம்பரியத் தலைக்கட்டு, கட்டம் போட்ட பருத்தித் துணியில் ஆனது. அந்தத் துணிக்கு அங்கே பெயரே ‘மெட்ராஸ்’. நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன கட்டம்தான் அது. விசேஷ நாட்களில் இன்றும் பெருமையாக அணிகிறார்கள். இங்கே நாம் அதே மாதிரிக் கட்டத்தைக் கைலியாக உடுத்தி, பழசானதும் வண்டி துடைக்கிறோம். நல்ல கட்டமுள்ள பழைய கைலி ஒன்று இருந்தால், நடுவில் நைந்த பகுதியை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து 90 செ.மீ. சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் மடித்துத் தையுங்கள். குறுக்காக முக்கோணமாக மடித்து, பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுப் பாருங்கள். எந்த வயதுப் பெண்ணுக்கும் அழகாக இருக்கும்.

ஒரு ஜீன்ஸ், ஒரு தொப்பி

கல்லூரிப் பிள்ளைகள் இன்று ஆசைப்பட்டு வாங்குவது பக்கெட் தொப்பி. சுற்றிலும் விளிம்பு சரிந்து தொங்கும், வாளியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். மீனவர்களும் விவசாயிகளும் போட்ட தொப்பி அது. பிறகு அமெரிக்க ராணுவம் நீல டெனிமில் வேலைத் தொப்பியாகத் தைத்துக் கொடுத்தது. 1980-களில் ராப் பாடகர்கள் போட்டு ஃபேஷன் ஆக்கினார்கள். பழைய ஜீன்ஸில் தைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான தொப்பி கிடையாது. எனவே இதை மட்டும் அடி முதல் நுனி வரை சொல்லிவிடுகிறேன்.

லைக்ரா கலந்து ரப்பர்போல இழுபடும் ஜீன்ஸ் வேண்டாம், தொப்பி நிற்காது. கெட்டியான பருத்தி ஜீன்ஸ் எடுங்கள். காலின் உள்பக்கத் தையலைப் பிரித்தால் முழங்காலுக்குக் கீழே விரிந்த துணி கிடைக்கும். இரட்டைத் தையலை இழுத்துக் கிழிக்க வேண்டாம். பிளேடோ தையல் பிரிக்கும் கொக்கியோ வைத்து, ஐந்தாறு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போனால் நூல் தானாக உருவி வரும். பின்பாக்கெட்டைப் பிரிக்கும்போது நிதானமாகப் பாருங்கள். பாக்கெட் மூடியிருந்த இடத்தில் கடையில் வாங்கிய நாளில் இருந்த கருநீலம் அப்படியே இருக்கும். சுற்றிலும் வெளுத்திருக்க, நடுவில் மட்டும் பாக்கெட் வடிவத்தில் ஒரு கருநீலக் கட்டம், ஓரத்தில் பிரித்த தையலின் புள்ளிகள். அந்த இடத்தைத் தொப்பியின் முன்பக்கத்துக்கு ஒதுக்கி வையுங்கள். எந்த மில்லும் இந்த டிசைனை நெய்து தர முடியாது.

இஞ்ச் டேப்பை நெற்றியின் நடுவில் வைத்து, காதுகளுக்கு மேலாக, பின்மண்டையின் புடைத்த பகுதி வழியாகச் சுற்றுங்கள். 57 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே லைனிங் வரும் என்பதால் ஒன்று கூட்டி 58. இதை 3.14-ஆல் வகுத்தால் 18.5. தொப்பியின் உச்சிக்கு வெட்ட வேண்டிய வட்டத்தின் குறுக்களவு அதுதான். சுற்றிலும் தையலுக்கு ஒரு செ.மீ. விட்டு 20.5 ஆக வெட்டுங்கள். பக்கச் சுவருக்கு 31 செ.மீ. நீளம், 11 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டு. இரண்டையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் தையல் போக 58-க்கு 9 என்று ஒரு வளையம் வரும்.

விளிம்பில்தான் எல்லோரும் திணறுவார்கள். முழு வட்ட வளையமாக வெட்டினால் தட்டுபோல விறைத்து நிற்கும், அழகு வராது. சரிவாகத் தொங்க வேண்டுமானால் ஒரு கணக்கு இருக்கிறது. தாளில் உள்ஆரம் 12.3 செ.மீ., வெளிஆரம் 18.8 செ.மீ. வைத்து ஒரு வளையம் வரைந்து, அதில் சரியாகக் கால் பங்கை வெட்டி எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் முக்கால் வளையத்தின் உள்விளிம்பு அளந்து பார்த்தால் 58 வரும். அதை இரண்டாக மடித்து வெட்டினால் ஆளுக்குப் பாதியாக இரண்டு துண்டு. சுற்றிலும் தையலுக்கு விட்டு வெட்டினாலும் ஜீன்ஸ் காலின் அகலத்தில் அடங்கிவிடும். மேலுக்கு இரண்டு, அடிக்கு இரண்டு. அடிப்பக்கத்துக்குப் பழைய சட்டைத் துணி வைத்தால் தொப்பி லேசாக இருக்கும், பார்ப்பதற்கும் வித்தியாசம்.

இவ்விரண்டு துண்டுகளை வளையமாக இணைத்து, மேல் வளையத்தையும் அடி வளையத்தையும் சேர்த்து வெளிவிளிம்பில் தைத்துத் திருப்பி, இஸ்திரி போட்டு அமுக்கி, விளிம்பு நெடுகிலும் முக்கால் செ.மீ. இடைவெளியில் சுற்றுச் சுற்றாகத் தையல் போடுங்கள். ஏழெட்டுச் சுற்று வரும். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் கேன்வாஸ் வைக்காமலே விளிம்பு விறைப்பாக நிற்பதற்கு அந்தத் தையல்தான் காரணம். உச்சி வட்டத்தையும் பக்கச் சுவரையும் தனித்தனியே நான்காக மடித்து அடையாளம் போட்டு, அடையாளத்தோடு அடையாளம் பொருத்தி, கையால் ஓட்டுத் தையல் போட்டுவிட்டு மெஷினில் வையுங்கள். நேராக மெஷினில் வைத்தால் ஒரு பக்கம் சுருக்கம் நிச்சயம். வளைவுத் தையலை அடுத்து விரற்கடைக்கு ஒரு சிறு வெட்டு கொடுத்தால் துணி அடங்கும். லைனிங்கையும் இதே அளவில் தைத்து உள்ளே செருகி, கடைசியில் விளிம்பை இணைத்து, உள்ளே வியர்வை உறிஞ்சக் கிராஸ் பீஸ் ஒன்று அடித்துவிட்டால் முடிந்தது.

வீட்டு மெஷினில் டெனிம் தைக்க 16-ம் நம்பர் ஊசி போட வேண்டும். பழைய தையல்கள் குறுக்கே வரும் தடிப்பில் ஊசி முறியும். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த டெய்லர் அண்ணன் அந்தத் தடிப்பைக் கட்டையில் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுவார். பிறகு மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி ஊசியை அந்தப் பக்கம் கடத்துவார். “ஊசிக்கு வழி தெரியணும், நாமதான் காட்டணும்” என்பார்.

ஜீன்ஸ் இல்லாதவர்களுக்குச் சட்டைகள் இருக்கின்றன. எட்டுத் துண்டு சேர்த்து, உச்சியில் பொத்தான் வைத்து, முன்னால் சிறிய நெற்றிமறைப்புடன் வரும் உப்பலான தொப்பிக்கு எட்டுச் சட்டையிலிருந்து எட்டுத் துண்டு எடுக்கலாம். ஒரே நிறக் குடும்பமாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் கோமாளித் தொப்பி ஆகிவிடும். நெற்றிமறைப்புக்குள் அட்டை வைக்காதீர்கள், முதல் துவையலில் கூழாகிவிடும். பழைய பிளாஸ்டிக் ஃபைல் உறையை வெட்டி வைத்தால் நிற்கும். பட்டுப்புடவையில் தலைப்பட்டி தைக்க விரும்புகிறவர்கள், துணியை இரு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சுலபமாக விட்டுப்போனால் அந்தப் புடவை தையலைத் தாங்காது. ஜரிகை நெற்றியை அறுக்கும் என்பதால் உள்ளே மெல்லிய பருத்தி கட்டாயம்.

வயலிலும் சாலையோரத்திலும் வேலை செய்யும் பெண்களுக்குத் தைப்பதாக இருந்தால் விளிம்பு குறைந்தது 7.5 செ.மீ. இருக்கட்டும், பின்கழுத்தை மறைக்க ஒரு துணிமடல் தொங்கட்டும், தாடையில் கட்ட நாடா வேண்டும். மண்சட்டி சுமப்பவருக்குத் தொப்பி ஒத்துவராது. மண் வெட்டுபவருக்கும் களை எடுப்பவருக்கும் துண்டைவிட அது நல்லது. குனிந்து நிமிரும்போது அவிழாது.

முடி உதிர்ந்த தலைக்கு

இந்தத் தையலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொரு தொப்பி. புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை எடுப்பவர்களில் பலருக்கு, முதல் மருந்து ஏறிய இரண்டு மூன்று வாரத்தில் முடி உதிரத் தொடங்கிவிடும். தலைத்தோல் அப்போது தொட்டாலே வலிக்கும். விக் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. கட்டுப்படியானாலும் நம் வெயிலில் அரிக்கும். வெளியே போகவும், கண்ணாடி பார்க்கவும் தயங்கி எத்தனையோ பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது துவைத்துத் துவைத்து வெண்ணெயாக ஆன பனியன் துணி. உங்கள் அலமாரியின் பழைய காட்டன் டீ-ஷர்ட்டுகள் அதற்கென்றே காத்திருக்கின்றன.

டீ-ஷர்ட்டை விரித்து, கீழ்மடிப்பே தொப்பியின் ஓரமாக வரும்படி வையுங்கள். மறுபடி மடித்தடிக்கும் வேலை மிச்சம், அந்த ஓரம் மிருதுவாகவும் இருக்கும். 28 செ.மீ. அகலம், 23 செ.மீ. உயரம், மேலே வளைவு. முன்னும் பின்னும் சேர்ந்தே வெட்டுப்படும். உச்சியில் இரண்டு மூன்று பிடிப்புகள் பிடித்து வளைவைத் தைத்துவிடுங்கள். இதேபோல இன்னொன்று. இப்போது ஒன்றுக்குள் ஒன்றைச் செருகும்போது, இரண்டின் தையல்களும் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி ஒளிந்துகொள்ள வேண்டும். தலையைத் தொடும் பக்கத்தில் ஒரு தையல்கூட இருக்கக் கூடாது, ஒரு முடிச்சுகூட இருக்கக் கூடாது. ஓரத்தைக் கையால் தைத்து இணையுங்கள். மெஷின் தையலைவிட அது இளகும். லேபிள் துண்டு, பிரின்ட் போட்ட பகுதி, மணி, கல் எதுவும் வேண்டாம். அழகுக்கு அதே துணியில் மூன்று பட்டைகளைப் பின்னி, தனியாகக் கழற்றி மாட்டும்படி ஒரு பட்டி செய்து கொடுக்கலாம். நிறத்தை மட்டும் அவர்களிடம் கேட்டுத் தையுங்கள். எல்லோருக்கும் வெளிர்நிறம் பிடிக்கும் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. துணியை வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, தைத்த பிறகு மறுபடி துவைத்து, இஸ்திரி போட்டு மூடிய உறையில் வைத்துக் கொடுங்கள். மருத்துவமனைக்குத் தருவதாக இருந்தால் அங்கிருக்கும் செவிலியரிடம் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள்.

கூலியைக் குறைக்காதீர்கள்

வீட்டில் மெஷின் இல்லாதவர்கள் பக்கத்துத் தையல் கடையில் கொடுக்கப் போவீர்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள் சிலரும் இப்படிப்பட்ட தொப்பிகளைத் தைத்து விற்கத் தயாராக இருப்பார்கள். அவர்களிடம் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பழைய துணிதானே, இவ்வளவா?” என்பதுதான். இந்தக் கேள்வி நியாயமே இல்லை. புதுத்துணியென்றால் விரித்து, சாக்கால் கோடு போட்டு, வெட்டிவிடலாம். பழைய உடையைத் துவைக்க வேண்டும், தையலைப் பிரிக்க வேண்டும், நைந்த இடத்தையும் கறையையும் ஒதுக்கி, மிச்சத்தில் துண்டுகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும். வெட்டுவதற்கு முன்பே பாதி நாள் போய்விடும். துணிக்காசுதான் மிச்சமே தவிர, உழைப்பு இரண்டு மடங்கு. வெளிநாட்டுப் பெயருள்ள கடையில், பழசுபோலத் தெரியும்படி புதிதாகத் தைத்த தொப்பிக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, உண்மையிலேயே பழசிலிருந்து தைத்தவரிடம் பேரம் பேசுவது சரியில்லை.

அலமாரி மூட்டையை இந்த ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்துப் பாருங்கள். தைக்கத் தெரிந்தவர்கள் முதல் தொப்பியைப் பழைய டீ-ஷர்ட்டில் தொடங்குங்கள். ஜீன்ஸுக்குப் பிறகு வரலாம். தைக்கத் தெரியாதவர்கள் துணியைத் துவைத்து எடுத்துக்கொண்டு உங்கள் தெரு டெய்லரிடம் போங்கள். அளவையும் படத்தையும் காட்டுங்கள். புதுத்துணித் தொப்பிக்கு என்ன கூலியோ, அதைவிடக் கொஞ்சம் கூட்டியே கொடுங்கள்.